மணமாலையும் அரிதாரமும்

ஜொகூர் தோட்டத் திடல்களில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த நாளில், நாயகிக்குக் கல்யாணம் என்றால், “இனி எங்கே நடிக்கப் போகிறார்!” என்போம். இத்தனைக்கும் நம் பெண்கள் மணமான பின்னும் விடியலில் பிரட்டுக்கு நின்று பால் வெட்டப் போனவர்கள்தாம்!

சிவாஜி கணேசன் 1952இல் மணம் முடித்தார். அதே ஆண்டில்தான் அவரது முதற்படம் ‘பராசக்தி’ வந்தது. அவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

1961இல் மணமான பத்மினி, 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மணமாகாத நாட்டியக்காரியாக ஆடினார், சொக்கிப்போனோம். ஆயினும் பழைய எண்ணம் எளிதில் போகவில்லை. 2006இல் சூர்யாவை மணந்து ஒதுங்கிய ஜோதிகா, 2015இல்தான் ‘36 வயதினிலே’ படத்தில் திரும்பினார். 2022இல் மணந்த நயன்தாராவோ, மறு ஆண்டே ‘ஜவான்’ இந்திப் படத்தில் ஷாருக்கானுடன் நடித்தார். ஷாருக்கானுக்கு 1991லேயே கல்யாணம் ஆகிவிட்டது.