வேட்டைத் துவக்கும் கைக்கமராவும்

மனிதன் கையிலெடுக்கும் கருவி ஒவ்வொன்றும் அவன் வாழும் சமுதாயத்தின் வரலாற்றைத் தன்னுள் தாங்கி நிற்கிறது. வன்னிக் காட்டில் விலங்கின் தடம் தேடிச் செல்வோர் சிலரின் கையில் இன்று துவக்குக்குப் பதிலாகச் சிறிய கமரா காணப்படுகிறது. இதை வெறும் பொழுதுபோக்கின் மாற்றமென்று தள்ளிவிடுதல் தகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை ஆளும் வர்க்கத்தின் ஆடம்பரமாக விளங்கிற்று. சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டைகளை 1854இல் நூலாக்கிப் பெருமை கொண்டார். அரசோ யானைகளைக் கொல்வதற்குச் சன்மானமும் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடபகுதியின் ஒரு பாகத்தில் மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டதென எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். அன்றைய வட மாகாணத்தில் வன்னியும் அடங்கியிருந்தது. துரைமாரின் பெருமை நூலேறியது. அவர்களுக்கு முன்னே தடம் பார்த்து நடந்தவனின் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை.

விலங்குகள் அருகிவரக் கண்டு, 1894இல் வேட்டைப் பிரியர்களே பாதுகாப்புச் சங்கமொன்றை அமைத்தனர். 1937இல் விலங்கினங்களையும் தாவரங்களையும் காக்கும் சட்டம் பிறந்தது. 1938இல் சுண்டிக்குளம் சரணாலயமாயிற்று. 2015இல் அது தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது.

கமராவின் கதையும் துவக்கோடு பிணைந்ததே. 1882இல் பிரெஞ்சு அறிஞர் மாரே, பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய, துவக்கின் வடிவிலேயே ஒரு படக்கருவியைச் செய்தார். அது ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு படங்களைப் பிடித்தது. ஆயினும் காட்டுக்குள் கமரா கொண்டு செல்வது நெடுங்காலம் சுமையாள் வைத்துக்கொள்ளக் கூடியவர்க்கே இயன்றது. பாரமான கருவியைச் சுமக்க உடல்நலம் இடங்கொடாத ஒஸ்கார் பார்னாக் என்ற ஜெர்மன் தொழில்நுட்பர் ஆக்கிய சிறிய லைக்கா, 1925இல் சந்தைக்கு வந்தது. 1975இல் கோடக் கம்பனியின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கமரா 3.6 கிலோகிராம் எடையுள்ளது. ஒரு படத்தைப் பதிய 23 வினாடிகள் எடுத்தது. இன்றோ அது சட்டைப் பைக்குள் அடங்குகிறது. சுமையாளின் தோளிலிருந்து மாணவனின் கைக்குக் கமரா இறங்கியதே இவ்வரலாற்றின் சாரம்.

ஆனால், விளம்பரம் முழங்கும் மெகாபிக்சல் எண்ணிக்கை நம் மாணவருக்கு வழிகாட்டுமா? யானை குளத்துக்கு வருவது பெரும்பாலும் அந்திப் பொழுதில். மங்கிய ஒளியைப் பற்றுவது உள்ளேயுள்ள ஒளியுணரியின் பரப்பாகும். ‘ஓரங்குலம்’ எனப்படும் உணரி, மலிவான சிறு கமராக்களில் உள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்புடையது. சிறிய உணரியோடு நீண்ட சூம் கிடைக்கும். ஆனால் இருள் கவியும்போது படம் கலங்கும். ‘டிஜிட்டல் சூம்’ படத்தை வெட்டிப் பெருப்பிப்பதன்றி வேறில்லை. வன்னி வெயிலில் திரை மங்குமாதலால், கண் வைத்துப் பார்க்கும் துவாரம் உதவும். புழுதியையும் மாரி மழையையும் தாங்கும் உடலும், மேலதிக பற்றரியும் வேண்டும். விலங்கை வெருட்டும் பிளாஷ் வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்தில் எந்தப் படத்துக்காகவும் கால்வைத்தல் ஆகாது.

கமராவைத் தெரிந்துவிட்டால் போதுமா? அதன் சட்டத்துக்குள் எதை அடக்குவது என்பதே பெரிய கேள்வி. கொன்ற விலங்கின்மேல் கால்வைத்து நின்ற துரையின் படத்தில் விவசாயிக்கு இடமில்லை. அழகிய யானையை மட்டும் எடுத்து, அது மிதித்த வயலையும், இரவெல்லாம் பரணில் விழித்திருந்த மனிதனையும் ஒதுக்கும் படமும் அதே வழியிற் செல்வதே. கட்டுத்துவக்கில் அகப்பட்டுக் கால் சிதைந்த யானையும், யானையால் குடும்பத் தலைவனை இழந்த குடிசையும் ஒரே துயரத்தின் இரு பக்கங்கள் அல்லவா?

ஆசிரியத் தோழர்களே, பாடசாலைக்கு ஒரு கைக்கமரா வாய்க்குமாயின் அதை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். குளக்கட்டிலும் வயல் வரம்பிலும் மாணவரின் கையில் அது உலவட்டும். நேற்றுவரை பிறர் எழுதிய வன்னிக் காட்டின் வரலாற்றை, அக்காட்டோரம் வாழும் மக்களின் பிள்ளைகளே பதிவு செய்யட்டும்.