காவலனை உறங்க வைத்த விலை

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரு நாள் முன்னதாக, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், ரொனால்டு ஹெரிக் என்பவர் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தம் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஈந்தார். நோயற்ற ஒருவரின் உடலில், அவருக்கு யாதொரு நன்மையும் தராத அறுவையைச் செய்தல் தகுமோ? மருத்துவர் ஜோசப் மரே பல சமயக் குருக்களையும் சட்ட அறிஞரையும் கலந்த பின்னரே துணிந்தார். முழு உடலின் நலனுக்காக மட்டுமே ஓர் உறுப்பை நீக்கலாம் என்று குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்ற நமக்கு அந்தத் தயக்கம் நன்கு விளங்கும். பிறரன்பின் பொருட்டு ஈதலும் தகும் என்னும் விளக்கம் இறையியலாரிடையே வலுப்பெறச் சில ஆண்டுகள் ஆயின. ரிச்சர்டு மணமுடித்து, இரு பிள்ளைகளுக்குத் தந்தையாகி, எட்டாண்டுகள் வாழ்ந்தார்.

அவ்விருவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். ஆகவே தம்முள் வந்த உறுப்பை ரிச்சர்டின் உடல் அந்நியமாகக் கருதவில்லை. ஏனையோருக்கு அந்தப் பேறில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் என்னும் காவலன் புதிய சிறுநீரகத்தைப் பகைவனாகக் கண்டு அழித்துவிடுவான். 1960-களின் தொடக்கத்தில் அசாதயோப்ரின் என்ற மருந்து அவனை உறங்க வைத்தது. உறங்கும் காவலன் வேறு யாரையெல்லாம் உள்ளே விடுவான் என்னும் கேள்வி பின்னரே எழுந்தது.

1968-இல் மரேயின் குழுவினர் வெளியிட்ட ஒரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. நுரையீரல் புற்றுநோய் கொண்டிருந்த ஒருவரின் சிறுநீரகம் மற்றொருவருக்குப் பொருத்தப்பட்டது. உறுப்போடு புற்று அணுக்களும் புகுந்து அவர் உடலில் வளர்ந்தன. மருத்துவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நிறுத்தினர். விழித்தெழுந்த உடல் சிறுநீரகத்தைப் புறந்தள்ளியது. அந்நியரின் புற்றையும் அழித்தது. உயிர் மிஞ்சியது, கொடை போயிற்று.

கொடையாளரிடமிருந்து வந்த புற்று அரிதானது. பெற்றவரின் உடலிலேயே புதிதாய் முளைப்பதே பெரிதும் காணப்படுவது. டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸ்லுடன் பணியாற்றிய இஸ்ரேல் பென் என்னும் அறுவை மருத்துவர் 1968-இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கி, இத்தகையோரின் விவரங்களைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டினார். 1999-இல் அவர் மறையும்வரை அப்பணி நீண்டது. அறுவைக் கத்தியின் புகழ் இதற்கு வாய்க்கவில்லை. ஆயினும் பொறுமையோடு எண்ணி எழுதிய அந்த ஏட்டுக்கு மருத்துவ உலகம் பெரிதும் கடன்பட்டுள்ளது என்பது நம் எண்ணம்.

2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு, சிறுநீரகமும் பிற உறுப்புகளுமாக 1,75,000-க்கும் மேற்பட்ட மாற்று அறுவைகளை ஆராய்ந்தது. புற்றுநோய் பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. நிணநீர்ப் புற்றில் ஒருவகை ஏழு மடங்குக்கும் மேல். மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் மிகவில்லை. பெரிதும் பெருகியவற்றுள் பல, வைரசுகளோடு தொடர்புடையவை. காவலன் விழித்திருக்கையில் அடங்கிக் கிடந்தவையே தலைதூக்கின எனலாம்.

இதைக் கேட்டு எவரும் மாற்று அறுவையை அஞ்ச வேண்டுவதில்லை. டயாலிசிஸில் காத்திருப்போரைவிடச் சிறுநீரகம் பெற்றோர் நெடிது வாழ்கின்றனர் என்பதை 1999-இல் வந்த பெரிய ஆய்வு காட்டிற்று. ஆனால் நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நாம், பிழைத்தமைக்கு நன்றி கூறுவதோடு நின்றுவிடுகிறோம். தோலில் புதிய புண்ணோ, ஆறாத கட்டியோ உண்டா என்று கேட்பாரில்லை.

2005-இல் இத்தாலியின் பாரி நகர மருத்துவர்கள், கபோசி என்னும் தோல் புற்று கண்ட 15 பேருக்குச் சைக்ளோஸ்போரினை நிறுத்திச் சிரோலிமஸ் கொடுத்தனர். மூன்று மாதங்களில் புண்கள் மறைந்தன. சிறுநீரகங்களும் பழுதின்றி இயங்கின. 1968-இல் இரண்டில் ஒன்றையே காக்க முடிந்தது. இங்கே இரண்டும் நிலைத்தன. அதே சிரோலிமஸைப் பலருக்குக் கொடுத்த சோதனைகளை 2014-இல் ஒருசேர ஆராய்ந்தபோது, புற்றுநோய் குறைந்திருந்தது, இறப்போ கூடியிருந்தது. ஆகவே இன்றும் மருத்துவர்கள் ஒவ்வொருவரின் குருதியையும் சோதித்து, காவலனுக்கு எவ்வளவு உறக்கம் போதும் என்று தனித்தனியே அளந்து வருகின்றனர்.