இரண்டு முகவரிகளையும் ரவுட்டர் மாற்றவேண்டியது எப்போது?

ஏ9 வீதியிலிருந்து நெடுங்கேணிப் பாதை பிரியும் புளியங்குளத்தில் ஒரு கடை, வவுனியா நகரில் அதன் கிளை என்று வைத்துக்கொள்வோம். கடையில் கமரா பூட்டியாயிற்று. வெளியூரில் நின்று பார்த்தால் கைபேசியில் படம் தெரிகிறது. கடையின் வைபைக்குள் வந்ததும் மறைகிறது. கமரா பழுதென்று கழற்றிக் கொடுக்கும் முன் ரவுட்டரைப் பாருங்கள் என்பேன்.

இணையத்தில் போகும் ஒவ்வொரு பொதியிலும், கடித உறைபோல, அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் உண்டு. உள்ளிருந்து வெளியே போகையில் ரவுட்டர் அனுப்புநரை மாற்றும். வெளியிலிருந்து கமராவுக்கு வருகையில் பெறுநரை மாற்றும். பெரும்பாலும் இந்த ஒரு மாற்றமே போதும்.

கமரா 192.168.1.20, கைபேசி 192.168.1.50. கடைக்குள் நிற்கும் கைபேசி, கடையின் பொது முகவரியைக் கேட்கிறது. ரவுட்டர் பெறுநரை மட்டும் 20 ஆக மாற்றுகிறது. கேட்டவர் பக்கத்தில்தானே இருக்கிறார் என்று கமரா நேரடியாகப் பதில் அனுப்புகிறது. கைபேசி கேட்டதோ பொது முகவரியிடம். 20 இலிருந்து வந்த பதிலைத் தள்ளிவிடுகிறது. ரவுட்டர் அனுப்புநரையும் தன் முகவரியாக மாற்றினால் பதில் போன வழியே திரும்பும். 'ஹெயார்பின் நாட்' என்பது இதுதான். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணைப்பு நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது. அங்கே இந்த முறை சரிவராது.

அடுத்தது கிளைத் தொல்லை. தனியார் வலையமைப்புகளுக்கென மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. கடைகளில் விற்கும் ரவுட்டர்கள் பல அவற்றிலிருந்து 192.168.1 என்ற அதே தொடக்கத்தோடுதான் வருகின்றன. இரு கடைகளையும் வீபிஎன் மூலம் இணைத்தாலும், வவுனியாவின் 20ஐத் தேடும் புளியங்குளத்துக் கணினி தன் கடைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அப்போது புளியங்குளத்தை 10.1.1 என்றும் வவுனியாவை 10.2.2 என்றும் மறுபக்கத்துக்குக் காட்டவேண்டும். கணினி 10.2.2.20ஐ அழைக்கும், புளியங்குளத்து ரவுட்டர் அனுப்புநரை 10.1.1 ஆக்கும், வவுனியா ரவுட்டர் பெறுநரை 192.168.1.20 ஆக்கும். 1999இன் இணையத்தர ஆவணமொன்று இரு முகவரிகளும் மாறும் இந்த ஏற்பாட்டை 'ட்வைஸ் நாட்' என்கிறது.

கிளையில் நாலைந்து கருவிகள்தான் என்றால் இதில் இறங்கவேண்டாம். ஒரு ரவுட்டரை 192.168.50க்கு மாற்றிவிடுங்கள், ஒரு பின்னேர வேலை.

கமரா பூட்டுவோர் அதிகம் சொல்லாத ஒன்றும் உண்டு. ஹெயார்பின் போட்டபின், கடைக்குள்ளிருந்து பொது முகவரி வழியாக யார் பார்த்தாலும் கமராவின் பதிவில் ரவுட்டரின் முகவரிதான் இருக்கும். களவு போனபின் பதிவை அழித்தது எந்தக் கைபேசி என்று தேடினால் அதில் விடை கிடைக்காது. ரவுட்டரிலும் பதிவு வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கடவுச்சொல்லும் கேளுங்கள்.