ஊசிக்குள் ஒரு மரம்

பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் ஊசி போட்டுவிட்டுச் சில நிமிடம் கழித்து டாக்டர் கேட்பார்: "உதடு மரத்துப்போச்சா?" அந்த மருந்தின் குப்பியில் லிக்னோகெய்ன் என்று அச்சிட்டிருக்கும். இன்னொரு குப்பியில் சைலோகெய்ன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் காட்டும் மருத்துவக் குறிப்பில் லிடோகெய்ன். மூன்றும் ஒரே மருந்து. பல் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் உதவியாளர் முதலில் இதைத்தான் அறிந்துகொள்ள வேண்டும். சைலோகெய்ன் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவருக்கு, பெயர் வேறாயிற்றே என்று லிக்னோகெய்னை எடுத்து வைத்துவிடக் கூடாது.

பெயரின் வாலிலிருந்து தொடங்குவோம். ஆண்டீஸ் மலைமக்கள் மெல்லும் ஓர் இலைக்குக் கெச்சுவா மொழியில் 'குகா' என்று பெயர். ஸ்பானியர் வாயில் அது 'கோகா' ஆயிற்று. 1860-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட் நீமன் அந்த இலையின் சாரத்தைப் பிரித்தெடுத்ததை விவரித்து, வேதியியலாருக்குப் பழகிய 'இன்' விகுதியை ஒட்டிக் கோகெய்ன் என்று பெயரிட்டார். நாக்கில் வைத்தால் உணர்ச்சி போய்விடுவதையும் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பின் பயன் 1884-இல்தான் தெரிந்தது. வியன்னாவில் கார்ல் கோலர் கண் அறுவைக்கு அதைப் பயன்படுத்தினார். அதே ஆண்டில் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பில் அதைச் செலுத்திப் பார்த்தார். பிறகு அதற்கே அடிமையானார்.

அடிமைப்படுத்தாத மாற்று தேவைப்பட்டது. ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகெய்ன் 1905-இல் நோவோகெய்ன் என்ற பெயரில் வந்தது. 'நோவுஸ்' என்றால் லத்தீனில் புதியது. இப்படிப்பட்ட பெயர்களில் சொல்லில் ஒரு பிழை நேர்ந்தது. கோகா, இன் என்று பிரிய வேண்டியதைக் கோ, கெய்ன் என்று பிரித்துவிட்டார்கள். இலைக்குச் சொந்தமான ககரம் விகுதியோடு போய்விட்டது. பிழையாக வெட்டிய அந்தத் துண்டுதான் இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பெயரிடல் முறையில், ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்துகளின் அடையாளம்.

இனி தலைப்பகுதி. 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் சைலிடின் என்ற பொருளிலிருந்து புதிய மருந்தை உருவாக்கினார். சைலிடின், சைலீனிலிருந்து வருவது. மரத்தை வடித்து எடுத்த திரவத்தில் முதலில் கிடைத்ததால், மரத்தைக் குறிக்கும் 'சைலான்' என்ற கிரேக்கச் சொல்லால் 1850-இல் சைலீனுக்குப் பெயரிட்டிருந்தார்கள். தாவரவியல் பாடத்தில் நாம் படித்த சைலமும் அதே சொல்தான். அதனால் சைலோகெய்ன். பிரிட்டனிலோ கிரேக்க மரத்தை எடுத்துவிட்டு லத்தீன் மரத்தை நட்டார்கள். 'லிக்னும்' என்றாலும் மரமே. நெய்வேலியில் வெட்டியெடுக்கும் லிக்னைட்டின் பெயரிலும் அந்த மரம் இருக்கிறது. பிரிட்டிஷ் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டதால் நம் குப்பிகளில் லிக்னோகெய்ன்.

தமிழில் நாம் சொல்வதும் மரத்துப்போதல்தான். மரம்போல் உணர்வற்றுப் போவது என்றே அந்தச் சொல் நம் காதில் விழுகிறது. லிக்னோகெய்னுக்குள் இருக்கும் மரம், அது பிறந்த மூலப்பொருளைச் சொல்கிறது. உதட்டின் நிலையைச் சொல்லவில்லை. இரண்டும் தற்செயலாகச் சந்தித்தவை. இருந்தும், டாக்டரின் கேள்வியிலும் குப்பியின் பெயரிலும் ஒரே மரம் நிற்பதைக் கண்ட நாளிலிருந்து இந்தப் பெயர் எனக்கு மறக்கவில்லை.

நினைவில் வைக்க இன்னொன்று. இந்த மருந்துகள் வேதி அமைப்பில் இரண்டு குடும்பம். லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன், மெபிவகெய்ன், ஆர்ட்டிகெய்ன் என்று 'கெய்ன்' வருமுன் ஓர் இகர ஒலி கேட்டால் அமைடு குடும்பம். புரோகெய்ன், பென்சோகெய்ன், டெட்ராகெய்ன் என்று இகரம் இல்லாமல் வந்தால் எஸ்டர் குடும்பம். சைலோகெய்ன் என்ற பெயருக்கு இந்த விதி பொருந்தாது, அது லிக்னோகெய்னேதான். ஒவ்வாமை பெரும்பாலும் எஸ்டரில்தான், அமைடில் அரிது. நோயாளி சொல்லும் பெயரை அப்படியே சீட்டில் குறித்தால், எந்தக் குடும்பம் என்று டாக்டருக்குப் பார்த்ததும் தெரியும்.

குப்பியில் லிக்னோகெய்னோடு பெரும்பாலும் அட்ரினலினும் இருக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து போட்ட இடத்திலேயே அதிக நேரம் நிற்கச் செய்வது அது. அமெரிக்காவில் அதற்குப் பெயர் எபிநெஃப்ரின். அட்ரினலினில் இருப்பது லத்தீன் சிறுநீரகம், எபிநெஃப்ரினில் இருப்பது கிரேக்கச் சிறுநீரகம். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியைத்தான் இரண்டும் சொல்கின்றன. இதய நோய் உள்ளவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஊசி ஏற்றுமுன் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.