மின் பொறியியல் முதுமாணி: காணியை ஈடு வைக்கும் முன்

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவோட். அப்படியொன்றை மின்வலையமைப்போடு இணைக்கும் துறையில் வெளிநாட்டில் முதுமாணி படிக்க விரும்புகிறார், எருக்கலம்பிட்டியில் நான் சந்தித்த பட்டதாரி. 1990 வெளியேற்றத்துக்குப் பின் புத்தளத்தில் பிறந்தவர். திரும்பி வந்து துப்புரவாக்கிய காணியை ஈடு வைக்கலாம் என்கிறார் வாப்பா. முதலில் கணக்கைப் பார்ப்போம் என்றேன்.

ஜேர்மனியின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் மட்டும் அரையாண்டுக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அறவிடுகிறது. விசாவுக்கு ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும்: 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. இது கட்டணமல்ல, மாதாமாதம் உங்கள் கைக்கே வரும் பணம். இரண்டையும் குழப்பித்தான் பல வீடுகளில் கடன் பெருக்கிறது. நோர்வே இலவசம் என்பதும் பழைய கதை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போவோருக்கு 2023 முதல் கட்டணம் உண்டு.

எரஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணமில்லை, மாதம் 1,400 யூரோவும் வரும். போட்டி கடுமை. விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்.

தரவரிசையை விடப் பாடப் பட்டியலைப் பாருங்கள். 'மின் பொறியியல்' என்ற ஒரே பெயரில் ஓரிடத்தில் சில்லு வடிவமைப்பு, இன்னோரிடத்தில் வலுத் தொகுதிகள். இவருக்கு வேண்டியது இரண்டாவது. கூடவே மின்வலு இலத்திரனியலும் இருக்க வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் கையொப்பதாரி. உங்கள் இளமாணிப் பட்டம் அதன் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டு வையுங்கள்.

இரண்டு எரஸ்மஸ் விண்ணப்பங்கள் தயாராகின்றன. காணி உறுதி இன்னும் உம்மாவின் அலமாரியில்தான்.