சமவெளி வேட்டையில் ரைஃபிள் கேலிபர்: ஆப்பிரிக்க வரலாறு

ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் முட்காடுகளிலும் வாழும் மறிமான்கள், வரிக்குதிரை, வார்ட்ஹாக் பன்றி முதலியவற்றை வேட்டைக்காரர்கள் ‘சமவெளி விலங்குகள்’ என்று தொகுத்துக் குறிப்பிடுவர். யானை, காண்டாமிருகம், காட்டெருமை, சிங்கம், சிறுத்தை ஆகியவை இத்தொகுதியில் சேர்வதில்லை. இவ்விலங்குகளுக்கு ஏற்ற கேலிபர், அதாவது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம், எது என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்படுகிறது. விலங்குகளின் அளவு பெரிதும் வேறுபடுவதே இதற்குக் காரணம். ஸ்டீன்பொக் சுமார் 11 கிலோ எடையுள்ளது. ஸ்பிரிங்பொக் 40, இம்பாலா கிடா 60, குடு கிடா 200 முதல் 270 கிலோ வரை இருக்கும். ஈலாண்ட் காளை 700 கிலோவையும் தாண்டும். சுடும் தூரமும் ஒன்றுபோல் இராது. முட்காட்டில் நூறு மீட்டருக்குள் கிடைக்கும் விலங்கு, கரூ, கலஹாரி போன்ற வெட்டவெளிகளில் 200, 300 மீட்டருக்கு அப்பால் நிற்கும்.

கரிமருந்துக் காலம்

1836இல் தென்னாப்பிரிக்காவின் உட்பகுதிக்குச் சென்ற வில்லியம் கார்ன்வாலிஸ் ஹாரிஸ் முதலிய வேட்டைக்காரர்கள் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளையே கொண்டுசென்றனர். கரிமருந்தால் குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. வலிமை வேண்டுமானால் குண்டைப் பெரிதாக்க வேண்டும். 1871இல் தென்னாப்பிரிக்கா வந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் பிரெடரிக் செலூஸ் யானைகளுக்குப் பயன்படுத்திய ‘நான்கு போர்’ துப்பாக்கியின் உருண்டை ஒன்று கால் பவுண்டு, அதாவது சுமார் 113 கிராம் எடையுள்ளது. பின்னர் மறிமான்களுக்கு அவர் .450 (அங்குலம்) கிப்ஸ் ரைஃபிளை விரும்பினார். இக்காலம் குறித்து ஆங்கிலேயப் பயணிகளின் நூல்களே மிகுதி. டச்சு வழிவந்த போயர் உழவர்களும் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களும் எதைத் தேர்ந்தனர், ஏன் தேர்ந்தனர் என்பவை அவற்றில் போகிறபோக்கில் மட்டுமே இடம்பெறுகின்றன.

புகையில்லா மருந்து: 1886–1914

பிரான்சின் பால் வியேல் 1884இல் உருவாக்கிய புகையில்லா வெடிமருந்து முந்தைய கணக்குகளை மாற்றியது. 1886இல் பிரெஞ்சு ராணுவத்தின் 8 மி.மீ. லெபெல், 1888இல் பிரிட்டனின் .303, 1890களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் 7×57 மௌசர் என ஒடுங்கிய குழல்கள் வரிசையாக வந்தன. மெல்லிய குண்டு விநாடிக்கு 600, 700 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. புகை மறைக்காததால் சுட்டவரால் தம் குண்டு பட்ட இடத்தையும் காண முடிந்தது.

ஆனால் முழுதும் உலோக உறையிட்ட ராணுவக் குண்டுகள் மறிமானின் உடலைச் சிறு துளையிட்டுக் கடந்தன. அடிபட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடி, கண்டெடுக்கப்படாமலே செத்தது. முனையில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டுகள் இதற்குத் தீர்வாயின. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் செய்யப்பட்டவை இவ்வகையில் பெயர்பெற்றவை. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கியது. வேட்டையில் அவை நிலைத்தன. விலங்கு விரைந்து சாக அவை தேவைப்பட்டன.

1895–96இல் பிரிட்டிஷ் தரப்பினர் டிரான்ஸ்வால் மீது நடத்திய ஜேம்சன் படையெடுப்புக்குப் பின் அந்நாட்டுப் போயர் அரசு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட 7×57 மௌசர்களை வாங்கியது. 1899–1902 போயர் போரில் இவை பெற்ற புகழ் வேட்டைக்களத்துக்கும் பரவியது. இலண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் அதே தோட்டாவை .275 என்ற பெயரில் விற்றது. இத்தோட்டாவின் பழைய குண்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது: 7 மி.மீ. விட்டம், 11.2 கிராம் எடை, நீண்ட உடல், உருண்ட மூக்கு. வேகம் மிதமானது; உதையும் மிதமானது. நீளத்தால் அது தசையையும் எலும்பையும் ஊடுருவி, திசை மாறாமல் சென்றது. 10.4 கிராம் குண்டுள்ள 1903ஆம் ஆண்டின் 6.5×54 மான்லிக்கர்-ஷோனவரும் இதே குணத்தால் விரும்பப்பட்டது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்திய டபிள்யூ. டி. எம். பெல், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 7×57ஐயே பயன்படுத்தினார். யானைக்குப் போதுமானது மானுக்கு மிகை என்று சிலர் இதிலிருந்து முடிவுகட்டினர். ஆனால் பெல் யானை மண்டையோட்டின் அமைப்பை ஆராய்ந்து, உறையிட்ட குண்டால் மூளையைக் குறிவைத்தவர். அவர் அனுபவம் எல்லோருக்கும் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1911இல் கென்யாவில் சிங்கம் தாக்கி இறந்த ஜார்ஜ் கிரேயின் கையில் இருந்தது அதிவேக .280 ராஸ். இலேசான வேகக் குண்டு உடையும் என்பதற்கு இந்நிகழ்ச்சியைச் சான்று காட்டுவர். அவர் மிக அருகில் சென்றதே காரணம் என்போரும் உளர்.

1909–10இல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்ற அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் .30 ஸ்பிரிங்ஃபீல்டையும் .405 வின்செஸ்டரையும் கொண்டுசென்றார். 1912இல் ஹாலண்ட் & ஹாலண்ட் வெளியிட்ட .375 மேக்னம், ஈலாண்ட் முதல் காட்டெருமை வரை ஏற்ற பொதுத் துப்பாக்கியாக இன்றும் கருதப்படுகிறது.

போர்களுக்கு இடையில்

1933–34 கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டைப் பயன்படுத்தினார்.

1945க்குப் பின்

விவாதம் விட்டத்திலிருந்து குண்டின் கட்டமைப்புக்கு நகர்ந்தது. ஜான் நாஸ்லர் 1940களின் பிற்பகுதியில் உருவாக்கிய பார்ட்டிஷன் குண்டில், நடுவே உள்ள உலோகத் தடுப்பு பின்பாதியைச் சிதையாமல் காத்தது. எடை, வேகம், விட்டம் ஆகியவற்றைப் பெருக்கி வலிமையை அளக்கும் ஜான் டெய்லரின் 1948ஆம் ஆண்டுச் சூத்திரம் பரவலாக எடுத்தாளப்பட்டாலும், குண்டு விரிவதை அது கணக்கிடவில்லை என்ற குறை சொல்லப்படுகிறது. .308, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகியவை 1952–63இல் வந்தன. நெடுந்தூரத்தில் இவற்றின் பயன் தெளிவு. முட்காட்டின் குறுகிய தூரத்தில் இவை இறைச்சியைப் பாழாக்கும் என்பது பில்டாங் என்னும் உலர் இறைச்சி செய்வோரின் கருத்து.

சட்டமும் இன்றைய நிலையும்

கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. நமீபியா குழல் வாயில் குறைந்தபட்ச ஆற்றலை வரையறுத்துள்ளது: ஸ்பிரிங்பொக்குக்கு 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பொக், வில்டபீஸ்டுக்கு 2,700 ஜூல். மேலே சொன்ன பழைய 7 மி.மீ. குண்டு விநாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் சுமார் 2,740 ஜூல் தருகிறது. நூற்றாண்டு கடந்தும் அது இவ்வரம்பைத் தாண்டிவிடுகிறது. முழுச் செப்புக் குண்டுகளும் 2007இல் வந்த 6.5 கிரீட்மூரும் அண்மை வரவுகள். கைவிடப்பட்ட குடல்களில் தங்கும் ஈயத்துகள் கழுகுகளை நஞ்சூட்டுவது செப்புக்கு ஆதரவைக் கூட்டியுள்ளது.

7 மி.மீ. முதல் .30-06 வரையிலான குழல்கள், சிதையாத குண்டுடன், ஈலாண்ட் ஒழிந்த ஏனைய சமவெளி விலங்குகளுக்குப் போதும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. உதைக்கு அஞ்சிச் சுடுபவரின் குறி தவறும். ஆகவே தாங்கக்கூடிய துப்பாக்கியே ஏற்றது. குறி தவறினால் செலவும் உண்டு: தென் ஆப்பிரிக்கப் பகுதி வேட்டைகளில், காயப்பட்டுத் தப்பிய விலங்கும் வீழ்த்தப்பட்டதாகக் கொள்ளப்பட்டு, அதற்கும் கட்டணம் பெறப்படுகிறது.