ஸ்வஸ்திகம்: மங்கலக் குறி பழிக்குறியான வரலாறு

நான்கு கைகளும் ஒரே திசையில் மடங்கிய ஸ்வஸ்திகம் ஒரு நாட்டுக்கோ ஒரு சமயத்துக்கோ மட்டும் உரியதன்று. சிந்துவெளி முத்திரைகள், இராக்கின் சாமர்ராவில் கிடைத்த வண்ணக் கலங்கள், கிரேக்கப் பானைகள், வட அமெரிக்கப் பழங்குடியினரின் நெசவு ஆகிய அனைத்திலும் அது உண்டு. நெசவிலும் கூடை முடைதலிலும் இவ்வடிவம் எளிதில் தானே தோன்றக்கூடியது; ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே பிறப்பிடம் தேடத் தேவையில்லை.

பொருளும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. சமணத்தில் நான்கு கைகள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நான்கு கதிகளை, அதாவது பிறவி நிலைகளைக் குறிக்கும். ஏழாம் தீர்த்தங்கரர் சுபார்சுவநாதரின் இலாஞ்சனையும் (அடையாளச் சின்னமும்) அதுவே. பௌத்தத்தில் அது புத்தரின் திருமேனியில் காணும் மங்கலக் குறி. வணிகர் புதுக்கணக்கு தொடங்கும்போது இதை எழுதும் வழக்கம் இந்தியாவில் இன்றும் உள்ளது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெள்ளறையில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் எடுப்பித்த பெருங்கிணறு ஸ்வஸ்திக வடிவிலேயே அமைந்தது. நான்கு புறமும் மடங்கி இறங்கும் படிகளால், ஒரு துறையில் குளிப்பவர் மற்றத் துறையில் இருப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. வழிபாட்டுக் குறி ஒன்று ஊர்ப் பயனுக்கான கட்டடமாகவே உருப்பெற்ற அரிய சான்று இது.

இக்குறியின் சீர்குலைவு அரசியலில் தொடங்கவில்லை, ஆய்வுலகில் தொடங்கியது. 1871 முதல் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் ட்ராய் நகரைத் தேடி அகழ்ந்த ஹைன்ரிக் ஷ்லீமன், அங்குக் கிடைத்த சுடுமண் தக்களி வில்லைகள் பலவற்றில் இதைக் கண்டார். ஜெர்மனியின் பழம்பானைகளிலும் இந்திய நூல்களிலும் உள்ள குறியோடு அதை இணைத்து, ஆரிய முன்னோரின் சமயச் சின்னம் என எழுதினார். பிரெஞ்சு அறிஞர் எமில் பூர்னூஃப் அதை வேள்வித் தீ கடையும் அரணிக் கட்டைகளின் வடிவமென விளக்கினார். மொழியறிஞர் மாக்ஸ் முல்லரோ எச்சரித்தார்: இந்தியாவில் வரலாறு கொண்ட பெயரையும் பொருளையும் பிற நாட்டுக் குறிகள்மேல் ஏற்றக்கூடாது, உருவ ஒற்றுமை மட்டும் பொது மூலத்தை மெய்ப்பிக்காது என்றார். அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. மொழிக்குடும்பத்தின் பெயராகிய ஆரியம் மக்களினத்தின் பெயராக்கப்பட்டது. தக்களியில் கீறிய குறி அந்த இனத்தின் வம்சாவளிச் சான்றாக்கப்பட்டது. பின்னர் நேர்ந்த கேட்டுக்கு இந்த ஆய்வுப் பிழை இட்ட அடித்தளம் சிறிதன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறிக்கு இரு வாழ்வுகள் இருந்தன. மேலை நாடுகளில் அது நல்லதிர்ஷ்டச் சின்னமாக வாழ்த்து அட்டைகளிலும் வணிக முத்திரைகளிலும் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் நூல் அட்டைகளிலும் இடம்பெற்றது; ஃபின்லாந்து விமானப்படை 1918 முதல் தன் விமானங்களில் நீல ஸ்வஸ்திகத்தைத் தீட்டியது. அதே காலத்தில் வியன்னாவின் கீடோ ஃபன் லிஸ்ட் போன்ற இனவாத மறைஞானிகளும், 1918-இல் மியூனிக்கில் அமைந்த தூலே என்னும் இனவாதச் சங்கமும் அதை யூத வெறுப்பின் அடையாளமாக்கினர். 1920-இல் நாசிக் கட்சி அதைத் தன் கொடியில் ஏற்றது. 1935 செப்டம்பர் 15 அன்று நியூரம்பர்க்கில் இயற்றப்பட்ட சட்டம் அதை ஜெர்மனியின் தேசியக் கொடியாக்கியது. யூதரின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் அதே நாளில் வந்தது.

நாசிகள் குறியைத் திசைமாற்றிப் போட்டனர், ஆகவே அது வேறு என்னும் வாதம் இந்தியாவில் பரவலாக உள்ளது. அது பிழை. நாசிக் குறியும் இந்துக்கள் பெரிதும் எழுதும் குறியும் ஒரே திசையில்தான் மடங்குகின்றன. நாசிகள் பெரும்பாலும் அதைச் சாய்த்து நிறுத்தினர், அவ்வளவே. வேறுபாடு கோட்டில் இல்லை. அதன் பெயரால் செய்யப்பட்ட செயலில் உள்ளது. அறுபது லட்சம் யூதர் கொலையுண்ட நிகழ்வின் முன் கோட்டின் திசையைப் பற்றிய வாதம் வலுவிழக்கிறது.

குறியின் பழைய பொருளுக்கு இழப்பு நாசி ஆட்சிக் காலத்திலேயே தொடங்கியது. கிப்ளிங் 1930-களில் தம் நூல்களிலிருந்து குறியை நீக்கச் செய்தார். அமெரிக்காவின் 45-ஆம் காலாட்படைப் பிரிவு தன் மஞ்சள் ஸ்வஸ்திகத்தைக் கைவிட்டு, இடிப்பறவைச் சின்னத்தை ஏற்றது. 1940-இல் அரிசோனாவில் நவாஹோ, ஹோப்பி உள்ளிட்ட நான்கு பழங்குடியினரின் பிரதிநிதிகள், தம் முன்னோர் காலம் முதல் நட்பின் குறியாக இருந்ததை வேறொரு நாடு களங்கப்படுத்திவிட்டதால் போர்வையிலும் கூடையிலும் இனி அதைப் பயன்படுத்துவதில்லை என்று கையொப்பமிட்டனர். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் தம் மரபை விட்டுக்கொடுத்த இந்நிகழ்வு இவ்வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று.

ஆசியாவில் குறி அறுபடவில்லை. ஜப்பானிய நிலப்படங்களில் பௌத்தக் கோயிலைக் காட்டுவது இன்றும் அதுவே. மேலை நாடுகளில் நிலை வேறு. ஜெர்மனி குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவால் நாசிக் குறியைத் தடுக்கிறது. ஐரோப்பா முழுவதற்கும் தடை கேட்கும் யோசனை 2005-இல் எழுந்தபோது இந்து அமைப்புகள் எதிர்த்தன, யோசனை நிறைவேறவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022-இல் நாசிச் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவதைக் குற்றமாக்கியது. இந்து, பௌத்த, சமண வழிபாட்டில் ஸ்வஸ்திகத்தைப் பயன்படுத்துவதற்கு அதே சட்டம் விலக்கு அளித்துள்ளது.